சாக்குருவியின் அயலவர்கள்: கொழும்பு இரவு நடைகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் ஆந்தை இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "எங்கட மொட்டை மாடியில ஒண்டு வந்து கத்துது, அதை எப்படிக் கலைக்கிறது?" என்று கேட்பார்கள். இந்த ஆய்வு பெரும்பாலும் இரண்டாவது வகையினரைப் பற்றியது.

வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, யாரும் வரலாம் என்ற அழைப்போடு இரவு நடைகளை நடத்தி வருகின்றன. சங்கம் என்று பெயர் கிடையாது, பதிவு கிடையாது. ஒரு வட்ஸ்அப் குழு மட்டும் இருக்கிறது. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர் (எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்), வங்கியில் வேலை செய்யும் இருவர், பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், மருதானையிலிருந்து பிள்ளைகளோடு வரும் ஒரு முஸ்லிம் அண்ணர் (எங்களுக்கு நானா), இவர்கள்தான் மழையோ வெயிலோ தவறாமல் நிற்பவர்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நடப்பவன்.

ஆந்தையைக் கண்டுபிடிப்பதும் அதைக் காப்பாற்றுவதும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிற வேலைகள். கண்டதை ஊருக்குச் சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கூடு கலையும். சொல்லாமல் விட்டால் ஒரு நாள் யாரோ விஷயம் தெரியாமல் மரத்தை வெட்டிவிடுவார்கள். இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று எங்களுக்குக் கொஞ்சமாவது தெளிவு தந்தவை இரண்டு சம்பவங்கள். ஒன்று ஒரு தொடர்மாடியில் நடந்தது, மற்றது ஒரு வீதியோர மரத்தில். ஒழுங்கையின் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். காரணம் போகப் போகப் புரியும்.

நகரத்துக்குள் யார் யார்

இலங்கையில் பத்துக்கும் மேற்பட்ட ஆந்தை இனங்கள் உண்டு. அவற்றில் பல காட்டை விட்டு அதிகம் வெளியே வராதவை. கொழும்பிலும் அதன் ஈரநில ஓரங்களிலும் எங்கள் நடைகளில் கேட்டவை நான்கு.

அதிகம் கேட்பது வேட்டைக்கார ஆந்தை. கபில நிறம், மஞ்சள் கண், நெஞ்சில் நீளவாக்கில் கோடுகள், பார்வைக்குச் சின்னப் பருந்து ஒன்றின் சாயல். பொழுதுபட்டதும் "ஊ...உக், ஊ...உக்" என்று இரண்டிரண்டாகக் கூவும், நிலவு நாளில் நிறுத்தவே நிறுத்தாது. வீதி விளக்கைச் சுற்றும் வண்டுகளையும் விட்டில்களையும் பறந்து பிடிப்பதால் நகரம் அதற்கு ஓரளவு ஒத்துப்போகிறது. அடுத்தது காதுத் தூவி தூக்கிய சின்ன ஆந்தை. "வுக்?" என்று கேள்வி கேட்கிற மாதிரி ஒரே ஒரு சத்தம், பிறகு கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி அதே கேள்வி. மூன்றாவது பூமன் ஆந்தை. மீன், நண்டு, தவளை தின்பது. ஆகவே தண்ணீரை விட்டு விலகாது. பெரும்பாலான ஆந்தைகளின் இறகு விளிம்பில் சீப்புப் போன்ற மெல்லிய தும்பு இருக்கும், பறக்கும் சத்தத்தை அது அடக்கிவிடும். பூமன் ஆந்தைக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்குச் சிறகுச் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? நான்காவது கூகை. வெள்ளை முகம், கறுத்த கண். கூவாது, கிறீச்சிடும். அதைத்தான் நம்மவர், கத்தினால் சாவு வரும் என்று நம்பி, சாக்குருவி என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அச்சான பறவைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் தேடுவது புள்ளி ஆந்தையை. அங்கே ஊருக்கு ஊர் இருக்கிற அந்தப் பறவை இலங்கையில் இல்லவே இல்லை. இதை ஒவ்வொரு நடையின் ஆரம்பத்திலும் சொல்கிறோம். சொன்ன பிறகும் யாராவது ஒருவர் அதைக் கண்டதாகச் சாதிப்பார்.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே சொல்வோம். 1995இல் கித்துள்கலைப் பக்கத்துக் காட்டில் தீபால் வரகாகொட என்ற பறவையியலாளர் இதுவரை கேட்டிராத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். அந்தப் பறவையைக் கண்ணால் காண அவருக்கு 2001 ஜனவரி வரை, சிங்கராஜ வனம் வரை போக வேண்டியிருந்தது. 2004இல் அது உலகுக்கே புதிய இனமாக விவரிக்கப்பட்டது. திலோ ஹொஃப்மன் என்ற இயற்கைப் பாதுகாவலரின் பெயரை அதன் விஞ்ஞானப் பெயரில் சேர்த்தார்கள். அத்தனை வருடமும் அது ஒரு குரலாக மட்டுமே இருந்தது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் டோர்ச் லைட்டைத் தாங்களே அணைத்துவிடுவார்கள். எங்கள் விதிமுறைகள் எதுவும் இந்தக் கதையளவுக்கு வேலை செய்ததில்லை.

நடை

2018இல் உலகில் முதன்முதலாக, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. நகரத்துக்குப் பின்னால் பெல்லன்வில-அத்திடிய சரணாலயம் இருக்கிறது. 372 ஹெக்டேர், 1990இல் பிரகடனப்படுத்தப்பட்டது. தலங்கம குளமும் அதைச் சுற்றிய வயலும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகின. நாங்கள் இவற்றின் ஓரங்களில், பொது வீதியிலும் குளக்கட்டிலும் மட்டும் நடக்கிறோம். பூங்காக்கள் இருட்டுவதற்குள் மூடிவிடும். தவிர, இரவில் சேற்றுக்குள் இறங்கும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. முத்திரைப் புடையன் உண்டு, முதலை உண்டு. முதலை சில வேளை வாய்க்கால் வழியாக வெள்ளவத்தைக் கடல் வரை வந்து தலைகாட்டுவது எல்லாரும் அறிந்ததுதான்.

பாம்பையும் முதலையையும் விட எங்களை யோசிக்க வைத்தது வேறு. இருட்டில் தமிழில் பேசிக்கொண்டு, நீள லென்ஸோடும் தொலைநோக்கியோடும் நிற்கிற ஒரு கூட்டம். போர்க்காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நானாவின் வீட்டிலும் அதே தயக்கம் இருந்தது. அதனால் ஒவ்வொரு நடைக்கும் முன்னால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்கிறோம். அடையாள அட்டை கட்டாயம். சிங்களம் சரளமாகப் பேசுகிற இருவர் முன்னாலும் பின்னாலும் நடப்பார்கள். ஒன்பது மணிக்குள் எல்லாரும் காலி வீதியில் பஸ் பிடித்துவிட வேண்டும். பறவை பார்க்க வந்தவர்கள் பறவையைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டும் என்றால் இந்த ஏற்பாடுகளை முதலில் முடிக்க வேண்டும். இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பெண்களும் பிள்ளைகளும் கூடினார்கள்.

போயா எனப்படும் முழுநிலவு நாளிலும் அதற்கு முந்தின பிந்தின நாட்களிலும் நடப்பது வழக்கம். நிலவும் இருக்கும், விடுமுறையும் இருக்கும். வெசாக் போயா மட்டும் வேண்டாம். வீதியெல்லாம் வெளிச்சம், சனம், ஒலிபெருக்கி. தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களிலும் காதுக்கு வேலை இல்லை. ஜனவரி தொடக்கம் மார்ச் வரைதான் நல்ல காலம்.

குளக்கட்டில் போய் நின்றதும் முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. புதிதாக வந்தவர்கள் அந்தப் பத்து நிமிடத்தில் ஐந்தாறு ஆந்தைகளைக் கேட்டுவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். நாணலுக்குள் உறுமி உறுமிக் கத்தியது கானாங்கோழி. தலைக்கு மேலே "குவாக்" என்றது இராக்கொக்கு. மேசைப் பந்து தட்டுகிற மாதிரி "சக், சக், சக்குர்ர்" என்றது பக்கி. கூரையில் தடதடவென்று ஓடியதாகச் சொல்லப்படும் "பெரிய ஆந்தை" அநேகமாக மரநாய். கழித்த பிறகு மிஞ்சுவது ஒன்று, சில வேளை இரண்டு. ஒன்றுமே மிஞ்சாத இரவுகளும் உண்டு. அப்படியான இரவிலும் யாரும் ஏமாந்து போனதாகத் தெரியவில்லை. கானாங்கோழிக்கு இவ்வளவு பெரிய தொண்டை என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் போவார்கள்.

நடைகளில் வந்த பெரிய சண்டை போனில் குரல் போடுவதைப் பற்றியது. ஒரு தம்பி வேட்டைக்கார ஆந்தையின் பதிவைப் போட்டான், உடனே ஒன்று பறந்து வந்து தலைக்கு மேல் கிளையில் இருந்தது. கூட்டம் குதூகலித்தது. டீச்சர் அவனுடைய போனை வாங்கித் தன் பைக்குள் போட்டார். அவருடைய வாதம் இதுதான்: அந்தப் பறவை நம்மைப் பார்க்க வரவில்லை, தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்திருக்கிறது. முட்டையை விட்டுவிட்டு வந்திருக்கலாம், இரை தேடுகிற நேரத்தை விட்டிருக்கலாம். பெரிய ஆந்தையின் குரலைப் போட்டால் நிலைமை மறுபக்கமாகும், சின்னவை வாயை மூடிக்கொள்ளும். ஒரு தடவை போட்டால் என்ன என்று தம்பி கேட்டான். "நீ ஒரு தடவை போடுவாய், அடுத்த கிழமை வாறவனும் ஒரு தடவைதான் போடுவான், ஆந்தை ஒண்டுதானே அப்பன்" என்றார். ஆராய்ச்சிக்காக, அளவோடு, கணக்கு வைத்துக் குரல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. பொது நடையில் குரல் போடுவதில்லை என்று அன்று முடிவானது. இத்தனை விதிகளிலும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லக் கூடியது இது ஒன்றுதான்.

வெளிச்சத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டிய மங்கல் லைட் பாவிக்கிறோம். ஆந்தைக்குச் சிவப்பே தெரியாது என்று சிலர் சொல்வது சரியல்ல. இருட்டுப் பார்வைக்கான கோல் கலங்களைச் சிவப்பு ஒளி குறைவாகத் தூண்டுகிறது, அவ்வளவுதான். பிளாஷ் கிடையாது. கூட்டைக் கண்டால் நிற்பதில்லை, விரல் நீட்டுவதில்லை, நடந்துகொண்டே கடந்துவிட வேண்டும்.

தொடர்மாடிக் கூகை

ஒரு நடைக்கு வந்த அன்ரி ஒருவர் முடிந்து போகும்போது டீச்சரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர்களுடைய தொடர்மாடியின் மேல்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், இரவில் சாக்குருவி கத்துகிறது. நாலாம் மாடியில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். கத்தல் கேட்ட நாளிலிருந்து அந்த வீட்டுக்காரர் கலங்கிப் போய்விட்டார்கள். நிர்வாகக் குழு ஆளைப் பிடித்துக் "கூட்டை எடுத்துவிட" முடிவு செய்திருக்கிறது. "நான் சொன்னனான் எண்டு சொல்லாதேங்கோ" என்று ஒரு பின்குறிப்பும்.

சட்டப்படி பார்த்தால் விஷயம் எளிது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஆந்தைகளைக் காக்கிறது. கூட்டையோ முட்டையையோ குஞ்சையோ எடுப்பது குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. எங்களில் சிலர் உடனே அழைக்கலாம் என்றார்கள். டீச்சர் மறுத்தார். சட்டத்தைக் காட்டி மிரட்டினால் இந்த வருடம் கூடு தப்பும், அடுத்த வருடம் யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாக எடுத்துவிடுவார்கள் என்பது அவருடைய கணிப்பு. மாறாக, அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே, அந்தக் கட்டடத்துச் சனத்துக்கு மட்டும், ஒரு நடை. நடை என்று சொல்ல முடியாது. கதிரை போட்டு இருந்து கேட்கிற நிகழ்ச்சி.

தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளிக் கதிரைகளைப் போட்டோம். எதிர்பார்த்ததை விடச் சனம் வந்தது. இருட்டியதும் தொட்டிப் பக்கமிருந்து குறட்டை விடுகிற மாதிரி, சீறுகிற மாதிரி ஒரு சத்தம், விடாமல். சின்னப் பிள்ளைகள் தாய்மாரைக் கட்டிப் பிடித்தார்கள். அது குஞ்சுகள் பசியில் கேட்கிற சத்தம். கூகை ஒரே நாளில் எல்லா முட்டையையும் இடுவதில்லை. இரண்டு மூன்று நாள் விட்டு விட்டு இடும், முதல் முட்டையிலேயே அடை காக்கத் தொடங்கும். ஆகவே குஞ்சுகள் ஏணிப்படி போல் பெரிதும் சிறிதுமாக இருக்கும். முட்டை பொரிக்க ஒரு மாதம், குஞ்சு கூட்டை விட்டுப் போக இன்னும் ஏறக்குறைய இரண்டு மாதம். இவ்வளவும் டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாய்ப் பறவையோ தந்தைப் பறவையோ, வெள்ளையாக, ஒரு சத்தமும் இல்லாமல் எங்களைக் கடந்து போய் தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. சீறல் உச்சத்துக்குப் போய் அடங்கியது.

அந்த நேரத்தில் ஓர் அம்மம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து மகளோடு வந்து இருப்பவர், கையில் விரல் மடித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். ஆந்தை எத்தனை தரம் கத்தியது என்று எண்ணிப் பலன் பார்க்கிற வழக்கம் நம்மவரிடம் பழையது. அவர் ஒவ்வொரு இரவும் எண்ணி வந்திருக்கிறார். எந்த நேரத்தில் தொடங்கும், எப்போது நிற்கும், மழை நாளில் எப்படி, எல்லாம் மனதில் இருந்தது. டீச்சர் அவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, "இதில எழுதித் தருவீங்களோ அம்மா?" என்று கேட்டார். சகுனம் பொய் என்று யாரும் வாதாடவில்லை. அவரும் தன் நம்பிக்கையை விட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் கொப்பி நிறைந்தது. இந்த நடைகளில் கிடைத்த ஒழுங்கான பதிவு எது என்று கேட்டால் நான் அந்தக் கொப்பியைத்தான் காட்டுவேன். கமராவும் செயலியும் வைத்திருந்த நாங்கள் நடை நடக்கிற நாளில் மட்டுமே கேட்டோம். அவர் தினமும் கேட்டார்.

நிர்வாகக் குழுவின் மனதை மாற்றியது என்னவோ கொப்பி இல்லை, எலி. கூகை இரையை முழுசாக விழுங்கி, சமிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். தொட்டிக்குக் கீழே அப்படியான உருண்டைகள் கிடந்தன. காவலாளி கையுறை போட்டுப் பொறுக்கித் தந்தார். ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்து ஆள். "நம்ம லயத்துப் பக்கம் இதெல்லாம் யாரு பாத்தா சார்" என்று சொல்லிக்கொண்டே ஒன்றையும் விடாமல் சேர்த்து வைத்திருந்தார். கீழ்த்தள மண்டபத்தில் பத்திரிகைத் தாள் விரித்து, பிள்ளைகள் பற்குச்சியால் பிரித்தார்கள். எலி மண்டையோடு, எலித் தாடை, மூஞ்சூறின் கூரான பல். ஒரு உருண்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மண்டையோடு. குப்பை அறையில் எலித் தொல்லைக்காக மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருந்த நிர்வாகக் குழுத் தலைவர் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அங்கேதான் அடுத்த பிரச்சினையும் வெளிவந்தது. எலிக்கு என்ன வைக்கிறார்கள்? பூச்சி கட்டுப்படுத்த வருகிற நிறுவனம் ஒன்று வைப்பது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷக் கட்டி. புரோடிஃபக்கூம், புரோமாடியோலோன் போன்றவை இந்த வகை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் எடுக்கும். அந்த நாட்களில் தள்ளாடித் தள்ளாடித் திரியும். பிடிக்க லேசான எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். விஷம் ஆந்தையின் ஈரலில் தங்கிச் சேரும், கடைசியில் அதற்கும் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியும். கல்லால் எறிந்து கொல்வதை எதிர்க்கத் தயாராக இருந்த அந்தக் கட்டடத்துச் சனம், மாதாமாதம் காசு கொடுத்து அதையே செய்துகொண்டிருந்திருக்கிறது. விஷத்தை நிறுத்தி, குப்பை அறைக்குக் கம்பி வலைக் கதவு போட்டு, பொறி வைத்தார்கள். பொறி வேலை கூடியது, நாற்றம் வேறு என்று முறைப்பாடுகள் வந்தன. இன்றைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது பழைய கட்டியையே கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று அன்ரி சொல்கிறார்.

குஞ்சுகளில் ஒன்று ஒரு காலை கீழே விழுந்தது. வெள்ளவத்தைக் காகங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நிமிடத்தில் கூட்டம் கூடிக் கொத்தத் தொடங்கின. காவலாளி ஒரு துவாயைப் போட்டு மூடி, காற்று வருகிற ஓட்டை போட்ட பெட்டிக்குள் வைத்தார். பாலும் பாணும் கொடுக்க ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தார், அவரைத் தடுத்தாயிற்று. ஆந்தைக்குப் பால் ஆகாது. காயம் இல்லை என்று பார்த்தார்கள், 1992க்கு அழைத்து ஆலோசனை கேட்டார்கள், பொழுதுபட்டதும் பழைய இடத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பரவலான நம்பிக்கை. அப்படியொன்றும் இல்லை, சீறல் கேட்டால் இரையோடு வரும். வந்தது. இவ்வளவையும் செய்தவர்கள் அந்தக் கட்டடத்துக்காரர். நடைக்குழுவில் யாருக்கும் மாலை வரை விஷயமே தெரியாது.

நாலாம் மாடிப் பெரியவர் அதற்குப் பிறகு காலமானார். எழுதாமல் விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சாக்குருவிதான் காரணம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவருடைய மகன், செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம், "அப்பாவுக்கு எண்பத்தேழு வயசு, குருவிக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். கூட்டை எடுக்கச் சொல்லி அந்த வீட்டிலிருந்து மறுபடி கோரிக்கை வரவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றும் சொல்ல முடியாது. குஞ்சுகள் பறந்து போன பிறகு, வேறு பருவத்தில், புறாத் தொல்லைக்காகக் கட்டடம் முழுக்க வலை அடித்தார்கள். தொட்டிப் பக்கமும் மூடப்பட்டது. ஆந்தைக்கு ஓர் இடைவெளி விடச் சொல்லி அன்ரி கேட்டிருக்கிறார். வலை அடிக்க வந்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கூகைகள் போய்விட்டன. கொஞ்ச நாள் கழித்து இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பழைய வீட்டுக் கூரையிலிருந்து சீறல் கேட்பதாகச் செய்தி வந்தது. சொன்னவர் கொப்பி அம்மம்மாவின் பேத்தி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கேட்டிருக்கிறாள். அதே சோடிதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

மரப் பொந்து

இரண்டாவது சம்பவம் சிறியது. வீதியோரத்துப் பெரிய மாரா (தூங்குமூஞ்சி) மரம் ஒன்றின் பொந்தில் வேட்டைக்கார ஆந்தை கூடு வைத்திருந்தது. பகல் முழுக்க மரத்துக்கடியில் ஓட்டோக்கள் நிற்கும், இரவில் கொத்துக் கடை வெளிச்சம். ஆந்தை இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

2023 அக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் மரம் ஒன்று பஸ் மேல் விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். அதன் பிறகு கொழும்பில் பழைய மரம் என்றாலே பயம். இந்த மாரா மரத்தையும் வெட்டச் சொல்லி அந்த வீதிக்காரர் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூட வானில் ஏற்றுவதும் அந்த மரத்துக்குக் கீழேதான். ஆந்தையைக் காட்டி மரத்தைக் காப்பாற்றலாம் என்று நடைக்குழுவில் இளசுகள் துடித்தார்கள், படம் எடுத்துப் போட்டுப் பரப்பலாம் என்றார்கள். நானா குறுக்கே விழுந்தார். "நீங்க படம் போட்டா நாளைக்கு நூறு கமரா வரும். மரத்தை வெட்ட முன்னமே ஆந்தை ஓடிரும்."

அவர் வேறு வழி பார்த்தார். மரத்தைப் பார்வையிட வந்த அலுவலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஆபத்து அடிமரத்திலா, கிளையிலா? கிளையில். வீதிக்கு மேல் நீண்டு உள்ளுக்குள் உளுத்துப்போன இரண்டு பெரிய கிளைகள். பொந்து இருந்தது அடிமரத்தில். குஞ்சு பறக்கும் வரை சில கிழமை பொறுத்து, கிளைகளை மட்டும் இறக்கினார்கள். வீதிக்காரரில் பாதிப் பேருக்கு இது போதவில்லை, அடிமரமும் ஒரு நாள் சரியும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அடுத்த மழைக் காலத்துக்கு முன் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது

இரண்டு சம்பவத்திலும் ஆந்தையைக் காத்தவர்கள் அதன் குரல் எட்டும் தூரத்தில் குடியிருப்பவர்கள். வெளியிலிருந்து வருகிற பறவை ஆர்வலர்கள், நாங்கள் உட்பட, செய்தது அறிமுகப்படுத்தி வைத்தது மட்டுமே. ஆகவே எங்கள் நடைமுறையும் மாறியது. குரலை எல்லாரிடமும் சொல்கிறோம். இடத்தை அந்த ஒழுங்கைக்காரரிடம் மட்டும் சொல்கிறோம். ஈபேர்ட் போன்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் பதியும்போது கூட்டுக்குப் பக்கத்துப் புள்ளியைப் போடாமல் பெரிய பொது இடம் ஒன்றின் பெயரில் போடுகிறோம், தேவைப்பட்டால் பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறோம். போனில் எடுத்த படத்துக்குள் இடக் குறிப்பு ஒளிந்திருக்கும் என்பதைப் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் கற்றுக் கொடுத்தார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆந்தையைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் இரண்டாம் தரம் வருவதில்லை. நல்ல படம் எடுக்கக் கூடிய சில இளைஞர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள், போனவர்கள் வேறெங்கோ குரல் போட்டுத்தான் படம் எடுக்கிறார்கள். அவர்களை உள்ளே வைத்துப் பழக்குவதா, போக விடுவதா என்பதில் குழுவுக்குள் இன்னும் இரண்டு பக்கம். நான் போக விடுகிற பக்கம்; டீச்சர் மற்றப் பக்கம்.

இப்போது ஒரு பாடசாலை ஒரு வகுப்புப் பிள்ளைகளை முழுசாகக் குளக்கட்டுக்குக் கூட்டிவரக் கேட்டிருக்கிறது. அத்தனை பேர் அங்கே நின்றால் கானாங்கோழி கூட வாய் திறக்காது என்று சொல்லி, அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் அவரவர் வீட்டு யன்னலில் இருந்து பத்து நிமிடம் கேட்டு எழுதுகிற ஒரு பக்கப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் டீச்சரும் நானாவும் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். சின்ன ஆந்தையின் குரலை "வுக்" என்று எழுதுவதா "வ்வா" என்று எழுதுவதா என்பதில் படிவம் நிற்கிறது.